பொங்கல் லீவில் இரண்டரை சென்டிமீட்டர்

போன வாரம் சங்கீதா போன் செய்தாள். நான் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்த குழந்தைகள் கிளினிக்கில் இப்போது என் இடத்தில் இருக்கும் நர்ஸ் அவள். "சார், உயரம் பாக்கற மெஷின் புதுசா வந்துருக்கு. புள்ள ஏறி நின்னா அதுவே வாயத் தொறந்து நம்பர் சொல்லுது. வந்து பாருங்க" என்றாள். போனேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஏறியும் நின்றேன். ஒரு பெண்குரல், கொஞ்சமும் தயவில்லாமல், ஹால் முழுக்கக் கேட்கும்படி "நூற்று ஐம்பத்தைந்து" என்றது. வரிசையில் உட்கார்ந்திருந்த தாய்மார்கள் சிரித்துவிட்டார்கள். ஊர்ப் பிள்ளைகளின் உயரத்தை எல்லாம் அதே ஹாலில் கூவிச் சொன்னவன் நான். எனக்கு இது வேண்டியதுதான்.

சங்கீதாவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "இவ்ளோ நல்ல மெஷின் வந்துருச்சே, அப்புறம் எதுக்கு சார் அந்த இரும்புக் கம்பி? திங்கக்கிழமையானா அத நிக்க வெச்சுப் பாக்கணும்னு டாக்டர் ரூல் போட்டுருக்காங்க. நீங்க சொன்ன ரூலாம்ல?"

நான் சொன்ன ரூல் இல்லை அது. நான் மீறிய ரூல். அங்கே நின்றுகொண்டு சொல்ல வெட்கமாக இருந்ததால் இங்கே எழுதுகிறேன்.

உயரத்துக்கும் எனக்கும் பழைய பகை. இருபத்திரண்டு வயதில் போலீஸ் செலக்‌ஷனுக்குப் போனேன். அளக்கும் இடத்தில் குதிகாலை மெல்லத் தூக்கினேன். அங்கே நின்ற ஏட்டு குனிந்து பார்த்தார்; என் பாதத்தின் மேல் பூட்ஸை வைத்தார். ஐந்தடி ஒரு அங்குலத்துக்கு இறங்கி வந்தேன். அதற்குப் பிறகு கடலூரில் நர்சிங் படித்தது, இரண்டு ஆஸ்பத்திரிகளில் ஊசி போட்டுக் கெட்ட பெயர் வாங்கியது, கல்யாணம் ஆனது எல்லாம் ஒரே ஓட்டம். கடைசியில் நெய்வேலி ஆர்ச் கேட்டுக்கு வெளியே டாக்டர் எஸ்தர் அம்மா குழந்தைகள் கிளினிக் திறந்தபோது வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் அவர் எனக்குக் கொடுத்த வேலை, பிள்ளைகளின் உயரம் அளப்பது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன தனபால், சிரிப்பு வருதா? எனக்கும் வருது. வேலைய ஆரம்பிங்க" என்றார்.

அவருடைய கோபத்துக்கு ஒரு கணக்கு உண்டு. சாதாரணமாக நான் 'தனபால்'. லேசாக எரிச்சல் என்றால் 'தனபால் சார்'. உண்மையான கோபம் வந்தால் 'மிஸ்டர் தனபால் அவர்களே'. குரல் மட்டும் உயராது. மரியாதை ஏற ஏற எனக்கு ஆபத்து.

உயரம் அளப்பது சும்மா இல்லை. சுவரில், தரையிலிருந்து சரியாக இரண்டு மீட்டர் மேலே, ஒரு டேப் பெட்டி திருகியிருக்கும். பிள்ளை அதற்குக் கீழே சுவரை ஒட்டி நிற்க வேண்டும். செருப்பு, சாக்ஸ் கிடையாது. குதிகால், பின்புறம், தோள்பட்டை, பின்மண்டை நான்கும் சுவரில் படவேண்டும். பார்வை நேரே. டேப்பை இழுத்து அதன் தட்டையான முனையைத் தலையில் அமர்த்தி, கண்ணை எண்ணுக்கு நேராகக் கொண்டுவந்து படிக்க வேண்டும். பிள்ளையை விலகச் சொல்லி, மறுபடி நிற்க வைத்து, இன்னொரு தரம். காலையில் அளந்த பிள்ளையை அடுத்த முறையும் காலையிலேயே அளக்க வேண்டும். சாயந்திரத்துக்குள் மனிதன் கொஞ்சம் அமுங்கிவிடுவான். பெண் பிள்ளை என்றால் கொண்டையைப் பிரிக்கச் சொல்ல வேண்டும். இதற்காக நான் தாய்மார்களிடம் வாங்கிய திட்டு தனி. "ஒரு மணி நேரம் உக்காந்து பின்னினேன்யா, பூ வேற வெச்சிருக்கேன், உன் டேப்பு மேல இடி விழ!" 

இதோடு ஒவ்வொரு திங்கட்கிழமையும் சரிபார்ப்பு. மூலையில் ஒரு மீட்டர் இரும்புக் கம்பி இருக்கும். அதைப் பிள்ளை நிற்கும் இடத்தில் நிறுத்தி, டேப்பை அதன் தலைக்கு இழுத்தால் சரியாக நூறு காட்ட வேண்டும். காட்டினால் நோட்டில் ஒரு டிக். முதல் வருஷம் ஒழுங்காகச் செய்தேன். கம்பி வளரவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டாம் வருஷத்திலிருந்து கம்பியைத் தொடாமலே டிக் அடித்தேன். இருபது வருஷத்துக்கும் மேல் அப்படியே ஓடியது. அவ்வளவு அழகான டிக்குகள்!

இப்போது ரெஹானாவுக்கு வருகிறேன்.

பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்யும் சலீம் பாயின் மகள். முதல் முறை வந்தபோது ஒன்பது வயது. உயரம் நூற்றுப் பதினான்கு. ஆறு வயதுப் பிள்ளையின் உயரம். ஆஸ்துமா. முந்திரிக்கொட்டை வறுக்கும் புகை பட்டால் மூச்சு இளைக்கும். முந்திரிப் பருப்பு தின்றால் உதடு வீங்கி உடம்பெல்லாம் தடிக்கும். "ஊருக்கே முந்திரி விக்கறோம் டாக்டரம்மா, பெத்த புள்ளைக்கு ஒரு பருப்பு குடுக்க முடியல" என்றார் அவளுடைய அம்மா நசீமா. அலர்ஜி என்று ஒன்று வந்ததும் பயத்தில் பால், முட்டை, தயிர், வாழைப்பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். அதற்கு மேல் இன்ஹேலர் பயம். தெருவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், பஃப் அடித்தால் வளர்த்தி நின்றுவிடும் என்று.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "அந்த மருந்தால வளர்ச்சி கொஞ்சம் கொறையலாம்மா, மறைக்கல. ஒரு சென்டிமீட்டர் போல. ஆனா நாள் முழுக்க மூச்சுக்கே மல்லுக்கட்டற ஒடம்பு அதவிடக் கொறைவாதான் வளரும். முந்திரிய மட்டும் நிறுத்துங்க, மத்ததெல்லாம் குடுங்க. பஃப்ப விடாதீங்க. எட்டு மாசம் பாப்போம். மூச்சு சீராகி, நல்லா சாப்பிட்டும் வளரலன்னா, காரணம் ஆஸ்துமா இல்ல. மூளைக்கு அடியில ஒரு சின்ன சுரப்பி வளர்ச்சி ஹார்மோன அனுப்புது. அது சரியா வருதான்னு டெஸ்ட் எடுக்கணும். ரொம்பத் தள்ளக் கூடாது. எலும்போட முனை மூடிக்கிச்சுன்னா அப்புறம் எந்த ஊசியும் வேலை செய்யாது."

ரெஹானா என்னிடம் திரும்பி, "அப்ப உங்களுக்கு மூடிக்கிச்சா மாமா?" என்றாள்.

"எனக்கு மூடி, பூட்டி, சாவியத் தொலைச்சு முப்பது வருஷம் ஆச்சு" என்றேன். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதம்.

நான்கு மாதம் கழித்து நூற்றுப் பதினான்கு புள்ளி எட்டு. டாக்டருக்குத் திருப்தி இல்லை. பாண்டிச்சேரியில் இருக்கும் ஹார்மோன் டாக்டருக்குக் கடிதம் எழுதித் தயாராக வைத்தார். பிப்ரவரியில் அளந்து பார்த்து அனுப்பலாம் என்றார்.

நடுவில் பொங்கல் வந்தது. நாலு நாள் லீவில் கிளினிக்குக்கு டைல்ஸ் போட்டோம். பழைய சிமெண்ட் தரையைப் பெயர்த்தால் தூசி கிளம்பி ஆஸ்துமா பிள்ளைகளுக்கு ஆகாது என்று, அதன் மேலேயே கலவை போட்டு ஒட்டச் சொன்னார் டாக்டர். லீவு முடிந்து வந்தால் ஒரு கதவும் திறக்கவில்லை. கார்பெண்டர் வந்து ஒவ்வொரு கதவாகக் கழற்றி அடியைச் சீவினார். நான் பக்கத்தில் நின்று அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன். கதவுகளுக்குத் தெரிந்த விஷயம் எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரியில் ரெஹானாவை அளந்தேன். நூற்றுப் பதினெட்டு!

இரண்டாம் தரம் அளந்தேன். நூற்றுப் பதினெட்டு! நான்கு மாதத்தில் மூன்று சென்டிமீட்டருக்கு மேல்! ஹால் அதிரக் கூவினேன். நசீமா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ரெஹானா என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். டாக்டர் மட்டும் உயரத்தைப் புள்ளி வைத்துக் குறிக்கும் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தனபால், கம்பி வெச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம்."

பொய். கம்பியைத் தொட்டே வருஷக்கணக்கு ஆகியிருந்தது. அவர் பாண்டிச்சேரிக் கடிதத்தை எடுத்து உள்ளே வைத்தார். "நல்லா வளர்றா. இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்."

அந்த மாதம் வந்த பிள்ளைகள் எல்லாருமே நன்றாக வளர்ந்திருந்தார்கள். குவார்ட்டர்ஸ் பிள்ளை, சேத்தியாத்தோப்புப் பிள்ளை, எல்லாம் ஒரே வளர்த்தி. "நம்ம கை ராசி மேடம்" என்று மார்தட்டினேன்.

ஏப்ரலில் ரெஹானா கடுமையான இளைப்போடு வந்தாள். மருந்தைப் புகையாக விடும் நெபுலைசர் மாஸ்க்கை மாட்டி உட்கார வைத்தேன். கொஞ்சம் தேறியதும் மாஸ்க்கைத் தூக்கிவிட்டு, "மாமா, நா இங்க மட்டுந்தான் வளர்றேன்" என்றாள்.

"என்னது?"

"இங்க வந்தா வளர்றேன். ஸ்கூலுக்குப் போனா வளரல. பிரேயர்ல உசர வரிசைல மூணாவதாப் போய் நின்னேன். பி.டி. மிஸ் கையப் புடிச்சுக் கொண்டாந்து மறுபடி முன்னாடி வுட்டுட்டாங்க. இன்னமும் நாந்தான் ஃபஸ்ட்டு."

"உங்க மிஸ்ஸுக்குக் கண்ணாடி மாத்தணும்" என்று சொல்லி மாஸ்க்கை மாட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

நான்கு நாள் கழித்து ஒரு மூன்று வயதுக் குட்டி சுவரருகே நிற்கமாட்டேன் என்று கத்தியது. இம்மாதிரி சமயத்தில் நானே நின்று காட்டுவது வழக்கம். அதன் அம்மாவை டேப்பை இழுத்துப் படிக்கச் சொன்னேன். "நூத்தி அம்பத்தேழரை" என்றார்.

"சரியாப் பாரும்மா."

"அம்பத்தேழரைதாங்க."

ஐம்பத்தோரு வயதில் வளர்ந்திருக்கிறேன்! எனக்குத் தலைகால் புரியவில்லை. மதிய இடைவேளையில் மொபெட்டை முறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் பறந்தேன். என் மனைவி சரோஜா சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். யோகாசனத்தின் மகிமை என்றும் சொன்னேன். மாதத்தில் இரண்டு நாள் செய்கிற யோகாசனம்.

அவள் அடுப்பைத் தணித்தாள். "வளந்துட்டீங்கல்ல? அந்த மேல் தட்டுல அரிசி மாவு டப்பா இருக்கு. ஸ்டூல் இல்லாம எடுங்க பாப்போம்."

எக்கினேன். விரல் நுனிக்கும் டப்பாவுக்கும் நடுவே எப்போதும் இருக்கும் இரண்டு விரல் இடைவெளி அப்படியே இருந்தது. குதித்துப் பார்த்தேன். சட்டி ஒன்று விழுந்தது.

"வூட்டுல வளரலயே, கிளினிக்ல மட்டுந்தான் வளந்தீங்களா?" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இங்கே மட்டும்தான் வளர்கிறேன் என்று ஒரு பிள்ளை என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறதே! சாப்பிடாமல் திரும்பினேன். மூலையில் கிடந்த கம்பியை எடுத்தேன். ஒட்டடை கையோடு வந்தது. டைல்ஸ் மேல் நிறுத்தி டேப்பை இழுத்தேன்.

நூற்று இரண்டரை.

தரை மேலே வந்துவிட்டது. டேப் பெட்டி பழைய இடத்திலேயே நிற்கிறது. டைல்ஸ் கலவையோடு சேர்த்து இரண்டரை சென்டிமீட்டர். ஊரில் உள்ள பிள்ளைகளை எல்லாம் வளர்த்தது ஒரு மேஸ்திரி!

டாக்டர் அறையில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார். சொன்னேன். டைல்ஸைச் சொன்னேன், டிக்கைச் சொன்னேன், பிப்ரவரியில் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"பொங்கலுக்கு அப்புறம் எத்தன திங்கக்கிழம?"

"பதிமூணு மேடம்."

"மிஸ்டர் தனபால் அவர்களே, ரெஹானா எவ்வளவு வளந்திருக்கா?"

மனக்கணக்கு போட்டேன். "பிப்ரவரி வரைக்கும், எட்டு மாசத்துல ஒன்றரை சென்டிமீட்டர்."

"சாதாரணப் பிள்ள வருஷத்துக்கு அஞ்சு வளரும். இவ பாதிகூட இல்ல. நாம ரெண்டு மாசத்த வீணாக்கிட்டோம்." டிபன் பாக்ஸை மூடினார். "மத்த பிள்ளைங்க வீட்டுக்கெல்லாம் நான் போன் பண்றேன். பண்ருட்டிக்கு நீங்க போங்க. இன்னிக்கே. போன்ல சொல்ற விஷயம் இல்ல இது. கம்பிய எடுத்துக்கிட்டுப் போங்க."

பஸ்ஸில் கம்பியைப் பார்த்து கண்டக்டர், "என்னா சார் இது, லக்கேஜா, ஆயுதமா?" என்றார். அந்த நேரத்தில் எனக்கே தெரியவில்லை.

சலீம் பாய் வீட்டு முன்னறை முழுக்க முந்திரி மூட்டை. நசீமா என்னைப் பார்த்ததும் மலர்ந்து, "வாங்கண்ணே, உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உட்காராமலே ரெஹானாவைச் சுவரோரம் நிறுத்தி, தரையில் கம்பியை நிறுத்தி, அதற்கு மேலே மிச்சத்தை டேப்பால் அளந்தேன். நூற்றுப் பதினைந்து புள்ளி ஒன்பது. பிறகு நடந்ததைச் சொன்னேன்.

ரெஹானா, "நாந்தான் சொன்னேன்ல!" என்று துள்ளினாள். தான் சொன்னது சரி என்ற சந்தோஷத்தில் தான் வளரவில்லை என்பதையே மறந்துவிட்டாள்.

நசீமா சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். "அண்ணே, நா பஃப்ப நிறுத்திட்டேன்ணே."

"எப்ப?"

"பொங்கலுக்கு முன்னாடியே. டாக்டரம்மாகிட்ட சொல்லல. நிறுத்திப் பாப்போம், வளருதான்னு பாப்போம்னு. பிப்ரவரில நீங்க பதினெட்டுன்னு கத்துனீங்களா, ஆமா, பஃப்புதான் புடிச்சு வெச்சிருந்துச்சு, நாம நிறுத்துனது சரிதான்னு… தெரு பூரா சொன்னேன். தெரிஞ்ச புள்ளைங்களுக்கும் நிறுத்தச் சொன்னேன்." குரல் உடைந்தது. "எம்புள்ள மூச்சு திணறிகினு கெடந்துச்சே, அப்பகூட வளர்த்திய நெனச்சுப் பேசாம இருந்தேனே! எங்கள வெச்சு வெளையாடிட்டீங்களேண்ணே!"

சலீம் பாய் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அவரே வந்து சொல்றாரு, வுடு" என்றார். நசீமா விடவில்லை. விடாதது நியாயம். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வாங்கிக்கொண்டேன்.

மறுநாளே இன்ஹேலர் மறுபடி ஆரம்பம். அந்த வாரமே இடது கை எக்ஸ்-ரே. அதைப் பார்த்தால் எலும்பின் வயது தெரியும். என் முப்பத்து மூன்று வருஷத்தில் டாக்டர் எஸ்தர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஃபிலிமைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கு ஓடி வந்தார். "தனபால்! எலும்புக்கு ஆறரை வயசுதான் ஆகுது! பத்து வயசுப் பொண்ணுக்கு ஆறரை வயசு எலும்பு!"

"அய்யோ" என்றேன்.

"என்ன அய்யோ? முனையெல்லாம் நல்லாத் திறந்திருக்கு. இன்னும் நேரம் இருக்குய்யா!" 'ய்யா' என்று அவர் என்னைச் சொன்னதும் அன்று ஒரு தரம்தான்.

பாண்டிச்சேரிக்கு நானும் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனேன். வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை கொடுத்து அரை மணிக்கு ஒரு தரம் ரத்தம் எடுத்தார்கள். மாத்திரை உசுப்பியும் ஹார்மோன் அசையவில்லை. குறைவு உறுதியானது. தலை ஸ்கேனில் கட்டி கிட்டி எதுவும் இல்லை என்றதும்தான் எல்லாருக்கும் மூச்சு வந்தது. ஆஸ்துமா அவளுடைய வளர்ச்சியைத் தடுக்கவில்லை, தடுத்தவனுக்கு மறைவிடம் கொடுத்தது. குட்டையாக இருந்தால் இளைப்பின் மேல் பழி, இல்லாவிட்டால் பஃப் மேல் பழி, அவ்வளவில் எல்லாரும் தேடுவதை நிறுத்தியிருந்தோம்.

தினமும் ஒரு ஊசி, வருஷக்கணக்கில். நசீமாவுக்குப் போடச் சொல்லிக் கொடுத்தது நான். சாத்துக்குடியில் பழக வைத்தேன். முதல் குத்திலேயே சாறு என் சட்டையில் தெறித்தது. "பாத்தும்மா, மெதுவா, இது புள்ளத் தொடைன்னு நெனச்சுக்க" என்றேன்.

"புள்ளத் தொடைன்னு நெனச்சா கை வரலண்ணே. உங்க தொடைன்னு நெனச்சுக்கினேன், நல்லா எறங்குது" என்றார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் என்னிடம் பேசினார்.

ஜூனில் ஊசி ஆரம்பித்தோம். அப்போது நூற்றுப் பதினாறு புள்ளி இரண்டு. டிசம்பரில் வந்தார்கள்.

டேப் பெட்டியைக் கழற்றிப் புதுத் தரைக்கு ஏற்ப மேலே திருகி மாதக்கணக்கு ஆகிவிட்டது. இருந்தாலும் நசீமா கண் முன்னால் கம்பியை நிறுத்தினேன். நூறு. மறுபடி நிறுத்தினேன். நூறு. ரெஹானா கொண்டையைத் தானே பிரித்துவிட்டு வந்து நின்றாள். டேப்பை இறக்கினேன். என் கண் எண்ணுக்கு நேராகப் போனது. வாய் திறந்தது.

"நீங்க சொல்லாதீங்கண்ணே!" என்றார் நசீமா. "உங்க நம்பர நா இனிமே கேக்க மாட்டேன். எங்கிட்ட வேற இருக்கு."

பையிலிருந்து ஒரு நீல யூனிஃபார்ம் பாவாடையை எடுத்தார். மூன்றாம் வகுப்பில் தைத்ததாம். இரண்டு வருஷமாக முட்டிக்குக் கீழே ஒரே இடத்தில் நின்ற பாவாடை. அதை ரெஹானாவின் சுடிதாருக்கு மேலேயே மாட்டி, சுடிதார் பேண்ட்டை மேலே சுருட்டிவிட்டு, டாக்டர் முன்னால் நிறுத்தினார். "பாருங்க டாக்டரம்மா. மடிப்பு எல்லாத்தையும் பிரிச்சுட்டேன். இனிமே பிரிக்கறதுக்குத் துணியே இல்ல. இந்தப் புள்ளையோட என்னால முடியலம்மா!" அலுத்துக்கொள்கிற குரல்தான். முகம் மட்டும் வேறு எங்கேயோ பறந்துகொண்டிருந்தது.

டாக்டர் எஸ்தர் குனிந்து பார்த்தார். அவருடைய கார்டில் எண்ணையும் புள்ளியையும் தவிர ஒரு எழுத்துகூட எழுத விடமாட்டார். ஒரு தரம் 'நல்ல பையன்' என்று எழுதியதற்காக எனக்கு முழு 'அவர்களே' கிடைத்திருக்கிறது. "என்ன வந்துச்சு?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். நூற்று இருபத்தொன்று புள்ளி ஒன்று என்று காதில் சொன்னேன். ஆறு மாதத்தில் ஏறக்குறைய ஐந்து!

"எழுதுங்க" என்றார். எழுதினேன்.

"பக்கத்துல இதையும் எழுதுங்க. பேனாவால."

"எதை மேடம்?"

"முட்டி தெரிகிறது."